சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்த பெரியவரின் நினைவுகளை எப்படிப் பதிவு செய்வது?

வேலைக்காக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு வந்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் 1960களில் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக ஊர்வலம் போனவர், அவரைப் பேசவைத்துப் பதிவு செய்ய ஆசை என்கிறீர்கள். இதற்குள் இருபது கேள்வி எழுதி வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் போய் மூக்குடைபட்டேன்.

அலபாமாவின் பர்மிங்காம் நகரத்தில் எட்டு வருடம் இருந்தேன். எதிர் வீட்டு அம்மா (தெருவே 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடும், பெயர் வேண்டாம்) 1963 மே மாதம் பள்ளியை விட்டு வெளியேறி ஊர்வலம் போன பிள்ளைகளில் ஒருவர். அப்போது வயது 14. முதல் நாளே ஊர்வலத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள் என்று ஆரம்பித்தார். நான்தான் படித்துவிட்டுப் போன மேதாவி ஆயிற்றே! "இல்லை, 2ஆம் தேதி கைது மட்டும்தான். தண்ணீரும் போலீஸ் நாயும் 3ஆம் தேதி" என்று திருத்தினேன். அவர் சிரித்தார். "அப்போ நீயே சொல்லேன்" என்றார். அன்றைய பதிவு 11 நிமிடம். அதில் பாதி என் குரல்.

மூன்று மாதம் கழித்து எலுமிச்சைச் சாதத்தோடு போனேன். அன்றைக்குக் கையில் என்ன கொண்டுபோனீர்கள் என்று மட்டும் கேட்டேன். பல் துலக்கும் பிரஷ் என்றார். பூங்காவில் விருந்து இருக்கிறது, பிரஷ் எடுத்து வாருங்கள் என்று ரேடியோவில் சங்கேதமாகச் சொன்னார்களாம். ஜெயிலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஜெயில் நிரம்பி, பொருட்காட்சித் திடலில் கொண்டுபோய் அடைத்தார்கள். வீடு திரும்பியபோது, ஊர்வலம் போனதற்கு அவருடைய அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரஷைத் தொலைத்ததற்குத்தான் திட்டு விழுந்ததாம்.

வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள். தேதியைச் சரிபார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் முகத்துக்கு நேரே வேண்டாம். அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும், இந்தப் போராட்டக்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய 2009இல் வந்த சட்டப்படி எடுத்த பேட்டிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கேள்வி கேட்பவர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் நம் ஆட்கள் "அவங்க சண்டை நமக்கெதுக்கு?" என்பார்கள். ஒரு பொங்கல் விழாவில் என்னிடமே கேட்டார்கள். 1946 அமெரிக்கச் சட்டத்தில், குடியேற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. அதை மாற்றிய 1965 குடியேற்றச் சட்டம் இந்தப் போராட்டத்தின் சூட்டில் வந்தது. அது இல்லாவிட்டால் அந்த ஹாலில் பொங்கலும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. சரி, விடுங்கள்.

முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதிவின் நகல் ஒன்றை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். ஏசியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் உறுமினால் பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். திரும்பச் செருகாமல் கிளம்ப முடியாது. நான் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மறுநாள் ஒரு டப்பா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.