டிஃபென்ஸ் கட்டுவது எப்படி? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

விடியற்காலை எழுந்து என்.ஹெச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டம் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு ஓடும் பெங்களூர்த் தமிழர்கள் டிஃபென்ஸ் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

அல்சூர்: ஐ.பி.எல். ஏலம் மாதிரி, பணம் இருந்தால் நல்ல டிஃபென்ஸ்மேன் ஆறு பேரை அள்ளிவிடலாமே அண்ணா?

அள்ள விடமாட்டார்கள் தம்பி. 2025-26 சீசனில் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலர். 23 பேர் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரே ஆளுக்கு அதில் 20 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. டிஃபென்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினாலே தாராளம் என்பது என் கணக்கு.

அதனால் ஆளைப் பார்த்து வாங்காமல், இருவர் இருவராக இறங்கும் ஜோடியைப் பார்த்து வாங்க வேண்டும். பக்கோடு (ஆடும் ரப்பர் வட்டு) மேலே ஏறுகிறவன் ஒருவன் என்றால், அவன் விட்டுப்போன இடத்தைக் காப்பவன் பக்கத்தில் இருக்க வேண்டும். கொலராடோவின் கேல் மக்கார் துணிந்து ஏறுவதற்கு டெவன் டேவ்ஸ் பின்னால் நிற்பது பெரிய காரணம். 2020-ல் இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் (இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) வாய்ப்புகளைக் கொடுத்து டேவ்ஸை வாங்கினார்கள். 2022-ல் லீக் கோப்பை வந்தது.

ஆட்ட நேரம் 60 நிமிடம். அதை மூன்று ஜோடிக்கும் 23, 20, 17 என்று பிரிப்பது ஆரோக்கியமான கணக்கு. மூன்றாவது ஜோடியை நம்பாமல் 12 நிமிடத்தோடு உட்கார வைத்தால் முதல் ஜோடி கடைசிப் பத்து நிமிடத்தில் தள்ளாடும். 2015 பிளே ஆஃபில் சிகாகோவின் டங்கன் கீத் சராசரியாக 31 நிமிடம் ஆடிக் கோப்பையும் வாங்கினார். அது அபூர்வம், அதைப் பார்த்து அணி கட்டக் கூடாது.

சாந்திநகர்: நான் ஃபீல்டு ஹாக்கியில் ஃபுல் பேக். எங்களுக்கெல்லாம் ஒரே வகை ஸ்டிக். இங்கே இடது ஷாட், வலது ஷாட் என்று ஏன் இவ்வளவு பேச்சு?

ஃபீல்டு ஹாக்கியில் இடதுகை ஸ்டிக்குக்கே அனுமதி இல்லை. ஐஸ் ஹாக்கியில் இடப்பக்கம் வைத்து அடிப்பவனுக்கு (இடது ஷாட்) ஒரு வளைவு, வலப்பக்கம் வைத்து அடிப்பவனுக்கு (வலது ஷாட்) எதிர் வளைவு என்று பிளேடு வருகிறது, அங்கேதான் சிக்கல். இடது ஷாட் ஆள் இடது பக்கம் நின்றால் ஆடுகளச் சுவரோரம் மேலே தள்ளும் பாஸ் ஃபோர்ஹேண்டில் வரும். எதிரணி பிளூ லைனில் (அவர்கள் பகுதியின் எல்லைக்கோடு) சுவரை ஒட்டி ஓடிவரும் பக்கையும் பிளேடாலேயே நிறுத்திவிடலாம். அதே ஆளை வலது பக்கம் போட்டால் இரண்டும் பேக்ஹேண்ட். பக் அரை நொடி தாமதமாகக் கிளம்பும், அதற்குள் எதிராளி மேலே வந்து விழுவான். மாறி நிற்பவனுக்கு ஒரே லாபம், குறுக்கே வரும் பாஸை அப்படியே அடிக்கலாம்.

லீகில் பாதிக்கு மேல் இடது ஷாட். அதனால் நல்ல வலது ஷாட் டிஃபென்ஸ்மேனுக்கு எப்போதும் கிராக்கி. மூன்று இடது, மூன்று வலது அமைந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

ஒயிட்ஃபீல்டு: கபடி கார்னர் மாதிரி பாய்ந்து பிடிக்காமல் பின்னாலேயே சறுக்கிப் போகிறார்களே, பயமா?

பயமில்லை, இடைவெளிக் கணக்கு. நடுப்பகுதியில் எதிராளிக்கும் தனக்கும் இரண்டு ஸ்டிக் நீளம், தன் பிளூ லைனுக்கு வருவதற்குள் ஒரு ஸ்டிக் நீளம். கண் அவன் நெஞ்சில் இருக்க வேண்டும். பக்கைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஸ்டிக் ஒரு கையில், பிளேடு ஐஸில், அவனுடைய உள்பக்கத் தோளுக்கு நேராக நின்று சுவர்ப்பக்கம் தள்ள வேண்டும். இடுப்பைச் சீக்கிரம் திருப்பினால் அவன் உள்ளே வெட்டிவிடுவான். பின்னாலிருந்து துரத்திவரும் ஃபார்வர்ட் இல்லையென்றால் இந்த இடைவெளியை எவனாலும் குறைக்க முடியாது. டிஃபென்ஸ் சரியில்லை என்று திட்டும் முன் அந்த ஃபார்வர்ட் எங்கே என்று பாருங்கள்.

கே.ஆர். புரம்: சார், இரண்டாவது பீரியடில் மட்டும் டிஃபென்ஸ் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஏன்?

அந்தப் பீரியடில் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தன் கோலிலிருந்து தூரமாகிவிடுகிறது. களைத்த ஜோடி மாற வழியில்லாமல் 90 நொடி நிற்கும், ஒருமுறை இறங்கி ஆடும் வழக்கமான ஷிஃப்ட் 45 நொடிதான். பதறி நீளமாக அடித்தால் ஐசிங் (சொந்தப் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணி கோல் கோட்டைத் தாண்டும் தவறு). ஐசிங் செய்த அணி ஆளை மாற்றக் கூடாது. சொந்தப் பகுதியிலிருந்து பக் நேராகச் சுவர்க் கண்ணாடிக்கு மேலே போய்விட்டால் 2 நிமிடப் பெனால்டி. மெதுவாக உயரே தூக்கி நடுப்பகுதியில் விழும்படி போடுவதே வழி. பக் எதிரணியின் ஆழத்துக்குப் போகாமல் ஒருவரும் பெஞ்ச் பக்கம் திரும்பக் கூடாது.

ஜெயநகர்: உங்கள் கையில் அணி கிடைத்தால் முதலில் எதைப் பயிற்சி கொடுப்பீர்கள்?

மூலையிலிருந்து பக்கை எடுத்து வெளியே அனுப்புவதை. அடி, தடுப்பு எல்லாம் அப்புறம். எடுக்கப் போகிறவன் தொடுவதற்கு முன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். ஜோடிக்காரன் கோல் முன்னே நின்று குரல் கொடுப்பான். ‘வீல்’ என்றால் வேகத்தோடு கோலைச் சுற்றி வா. ‘ரிவர்ஸ்’ என்றால் துரத்துபவனை இழுத்துப்போய், வந்த திசைக்கே சுவரோரம் பின்னால் விடு. ‘ஓவர்’ என்றால் கோலுக்குப் பின்னால் எனக்குத் தள்ளு. பெரும்பாலும் கெடுவது குரல் தாமதத்தால். எடுத்தவன் நின்று யோசித்தால் கதை முடிந்தது. இன்னொரு தவறு, பக் கைக்கு வருவதற்குள் ஜோடிக்காரன் கோல் முன்னிருந்து கிளம்பிவிடுவது. அங்கே பக் பறிபோனால் காவலே இல்லை.

எலக்ட்ரானிக் சிட்டி: இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? முதல் சுற்று டிராஃப்டிலா?

மக்கார் மாதிரி ஆள் அங்கேதான், 2017-ல் நான்காவது இடம். மற்றபடி டிஃபென்ஸ்மேன் பழுக்க நாளாகும். குஸ்டாவ் ஃபோர்ஸ்லிங் 2014-ல் ஐந்தாம் சுற்று. 2021 ஜனவரியில் கரோலினா அவரை வெய்வர்ஸில் (மற்ற அணிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பட்டியல்) விட்டது, ஃப்ளோரிடா சும்மா எடுத்துக்கொண்டது. 2024, 2025 இரண்டு கோப்பையிலும் அவர்தான் முதல் ஜோடி. மற்ற அணிகளின் ஏழாவது, எட்டாவது டிஃபென்ஸ்மேனைத் தினமும் கவனியுங்கள்.