ரிமோட் யார் கையில்?

கேள்வி: குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குத் தடை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்காவிட்டால் டி.வி.யை அணைத்துவிட்டுப் போகலாமே? ரிமோட் பெற்றோர் கையில்தானே இருக்கிறது?

பதில்: இருக்கிறது. அதை அழுத்தியதும் வீட்டில் எழும் ஓலத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ஓலத்துக்குத்தான் ஐயா கம்பெனிக்காரர் காசு கொடுக்கிறார். பிள்ளையின் பையில் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பணம் வைத்திருப்பவரை நச்சரிக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கேட்காத, சலிக்காத ஆள். விளம்பரத் தொழிலில் இதற்கு 'பெஸ்டர் பவர்', அதாவது நச்சரிப்பின் பலம், என்று கூச்சமில்லாமல் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நாலைந்து வயதுவரை பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்கவே சரியாக வராது. அது வந்த பிறகும், 'இந்த மாமா நம்மிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்' என்பது ஏழெட்டு வயதில்தான் உறைக்கும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் சொன்னது இதனால்தான். பேரம் நடப்பதே தெரியாதவரிடம் பேரம் பேசுவதை நாம் வேறு இடத்தில் வியாபாரம் என்றா சொல்வோம்?

சரி, அணைக்கச் சொல்கிறீர்கள். எதை? 1980களில் அமெரிக்காவில் பொம்மையை முதலில் செய்து, பிறகு அதற்குக் கார்ட்டூன் தொடர் எடுத்தார்கள். அரை மணி நேரக் கதையே விளம்பரம். இன்று செல்போனில் ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் குதிப்பதை இன்னொரு சிறுவன் வாய்பிளந்து பார்க்கிறான். பழைய டி.வி.யில் விளம்பர இடைவேளை என்று ஒன்றாவது இருந்தது, எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ய 1980 முதல் தடை. ஒரு பொம்மை கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தோற்றது. சுவீடனில் 1991 முதல் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டி.வி. விளம்பரம் கிடையாது. அங்குள்ள பெற்றோர் வீட்டிலும் ரிமோட் இருக்கிறது.

அமெரிக்காவிலும் 1978இல் வியாபாரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் மிகச் சிறு பிள்ளைகளுக்கான டி.வி. விளம்பரங்களை நிறுத்த யோசனை வைத்தது. பொம்மை, மிட்டாய், டி.வி. முதலாளிகள் எல்லோரும் திரண்டார்கள். 1980இல் நாடாளுமன்றம் கமிஷனின் அந்த அதிகாரத்தையே பிடுங்கிக்கொண்டது. நீங்கள் கேட்ட ரிமோட் அன்றைக்கு யார் கையில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.