ஃப்ளோ சைட்டோமெட்ரி தரவில் விநோதமான செல் கூட்டம் வந்தால் என்ன செய்வது?

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளைச் செல்களில் ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளப்பது. அப்படி எடுத்த 12 நிறத் தரவை நேரே யூமேப்பில் (ஒத்த செல்களை அருகருகே தீவுகளாகக் காட்டும் வரைபட முறை) போட்டதும் டி செல் குறியீடான சிடி3, பி செல் குறியீடான சிடி19 இரண்டும் உள்ள கூட்டம் வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். காம்பன்சேஷன் (ஒரு நிறத்தின் ஒளி இன்னொன்றில் கசிவதைக் கழிக்கும் திருத்தம்) சரி என்றால், பெரும்பாலும் டி செல்லும் பி செல்லும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பதிவானவைதான் அவை. செல் முன்னோக்கிச் சிதறடிக்கும் ஒளித்துடிப்பின், அதாவது முன்சிதறலின், பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வரையுங்கள். மூலைவிட்டத்தை விட்டு விலகி நிற்பவை இரட்டைகள். வெட்டிவிடுங்கள்.

அப்புறம் இறந்த செல்கள். கண்ட ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டி, பட்டர்வொர்த்திலிருந்து எங்கள் ரத்த மாதிரி மதியம் தாண்டித்தான் வந்தது. இறந்த செல்லைப் பிரித்துக் காட்டும் உயிர்ச்சாயப் படத்தில் இறந்தவற்றின் மேடு வழக்கத்தைவிட உயர்ந்து நின்றது. நீக்காமல் ஓட்டினேன், இல்லாத கூட்டம் ஒன்று முளைத்தது.

மங்கலான குறியீட்டுக்கு எல்லை போட, அந்த ஒரு நிறத்தை மட்டும் விட்டுச் சாயமேற்றிய மாதிரி கட்டாயம் வேண்டும். யூமேப் அதற்குப் பிறகுதான். அதிலும் தீவுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.