சட்டத்துக்கு வக்கீல் இல்லாமல் போனால்?

கேள்வி: அரசு இயற்றிய சட்டத்தையே அரசு வழக்கறிஞர், "இதை ஆதரித்து வாதாட மாட்டோம்" என்று கோர்ட்டில் சொல்கிறார். கட்சிக்காரரை நட்டாற்றில் விடுவதுதானே இது? சட்டம் படிக்கும் என் மகளோ, "தப்பான சட்டம் என்று தெரிந்தும் வாதாடினால்தான் துரோகம்" என்கிறாள். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. நீங்களே சொல்லுங்கள் ஐயா, யார் சொல்வது சரி?

பதில்: முதலில், அரசு வழக்கறிஞரின் கட்சிக்காரர் யார்? அமைச்சரா, சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்றமோ நாடாளுமன்றமோ (இனி சுருக்கமாக 'மன்றம்'), அரசியல் சாசனமா? உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்ற வழக்குகளில் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒருவர் இல்லை. அதனால்தான் அரசுக்காக வழக்காடும் அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. சட்டத்துக்கு ஆதரவாக நியாயமான வாதம் ஒன்றாவது கிடைத்தால், ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காவிட்டாலும் வாதாடிவிடுவார்கள். இது நல்ல வழக்கம். இல்லாவிட்டால், ரத்து செய்ய மன்றத்தில் ஓட்டு கிடைக்காத சட்டத்தையெல்லாம் கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டே சாகடித்துவிடலாம். உங்கள் கோபம் அந்த அளவில் நியாயம்.

இப்போது உங்கள் மகளின் கட்சி. எடித் வின்ட்சர் என்ற நியூயார்க் பெண்மணி, தன் துணைவி தியா ஸ்பையரைக் கனடாவில் 2007இல் திருமணம் செய்துகொண்டார். 2009இல் ஸ்பையர் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்துக்காக வின்ட்சர் கட்ட வேண்டியிருந்த வரி 3,63,053 டாலர். கணவரை இழந்த மனைவியாக இருந்திருந்தால் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதே திருமணம் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னதால் வந்த வினை அது. 2011 பிப்ரவரியில் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், பிரதிநிதிகள் சபையின் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்: இந்தச் சட்டப்பிரிவு சாசனத்துக்கு முரணானது என்று அதிபர் முடிவு செய்திருக்கிறார், இனி ஆதரித்து வாதாட மாட்டோம்.

அந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. கோர்ட் இறுதியாகச் சொல்லும்வரை, அல்லது மன்றமே ரத்து செய்யும்வரை, சட்டத்தைத் தொடர்ந்து அமல்படுத்துவோம் என்றது. வாதாட மன்றத்துக்கு முழு வாய்ப்புத் தருவோம் என்றும் சொன்னது. பார்ப்பதற்கு விசித்திரம்: தப்பு என்று ஒப்புக்கொண்ட சட்டத்தின் பேரில் வாங்கிய வரியை அரசு திருப்பித் தரவில்லை. ஆனால் வழக்கு உயிரோடு இருந்ததே அதனால்தான். பணத்தைக் கொடுத்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும், சட்டம் மற்றவர்கள் தலைமேல் அப்படியே நின்றிருக்கும். 2013 ஜூன் 26 அன்று, 5க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பக்கம் நின்றவரையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். சபை அமர்த்திய வழக்கறிஞர் பால் கிளெமென்ட். எதிர்ப்பு கிளம்பியதும் அவர் வேலை செய்த நிறுவனம் வழக்கிலிருந்து விலகியது. அவர் நிறுவனத்தை விட்டு விலகி, வழக்கைக் கையோடு கொண்டுபோனார். அவர் ஆதரித்த சட்டம் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் அவரை மதிக்கிறேன். அவர் நின்றதால்தான் அந்தத் தீர்ப்பு இரு தரப்பையும் கேட்ட தீர்ப்பாயிற்று.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு என்னை உறுத்துகிறது. கலிபோர்னியாவில் மக்களே 2008இல் வாக்களித்துக் கொண்டுவந்த ஒருபால் திருமணத் தடையை, மாநில அரசு ஆதரிக்கவும் இல்லை, மேல்முறையீடு செய்யவும் இல்லை. அந்தத் தடையை முன்மொழிந்தவர்கள் வந்தபோது, உங்களுக்கு வழக்காட உரிமையே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தடை செல்லாது என்ற கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிலைத்தது. பலன் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அந்தத் தடை சரியா தப்பா என்பதை உச்ச நீதிமன்றம் தொடவே இல்லை. நீங்கள் சொன்ன நட்டாறு இதுதான்.

இந்தியாவில், ஒருபாலுறவைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் ஒருபாலுறவுக்கு எதிராகக் கடுமையாக வாதாட, அது எங்கள் நிலைப்பாடு அல்ல என்று உள்துறை மறுத்தது. 2018 ஜூலையில், வயதுவந்தவர்கள் மனமொப்பித் தனிமையில் நடந்துகொள்வதைப் பொறுத்தவரை நீதிமன்றத்தின் முடிவுக்கே விடுகிறோம் என்றது மத்திய அரசு. அரசு தன் நிலையைத் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நீதிபதி சந்திரசூட் தீர்ப்பிலேயே எழுதினார். எனக்கும் அதே மனக்குறைதான். கூடாது என்று தோன்றினால் காரணத்தோடு உரக்கச் சொல்லட்டும். வேண்டும் என்றால் நின்று வாதாடட்டும். கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் தொடும் சட்டத்தில் நழுவிக்கொள்ள அரசுக்கு உரிமை இல்லை.

ஆகவே உங்கள் மகள் சொல்வது சரி, ஆனால் ஹோல்டர் செய்த மற்ற இரண்டையும் செய்தால்தான் சரி. அந்தக் கடிதம் சில பக்கங்கள்தான், இருவரும் சேர்ந்து படியுங்கள். பிறகு மகளைக் கிளெமென்ட்டின் பக்கம் நிறுத்தி, நீங்கள் ஹோல்டரின் பக்கம் நின்று அரை மணி நேரம் வாதாடிப் பாருங்கள். யாருக்கு நாக்குத் தடுமாறியது என்று எனக்கு எழுதுங்கள்.