டயாலிசிஸ் சவ்வை ஏன் நம் சிறுநீரகம் மாதிரியே செய்ய முடியவில்லை?

“சிறுநீரகமும் ஒரு ஃபில்டர்தானே, அதைப் பார்த்து அப்படியே ஒரு சவ்வு செய்ய இத்தனை வருஷமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ டயாலிசிஸ் ஓடுகிறது போல. நான் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. நெஃப்ராலஜிஸ்ட் யாராவது படித்தால் சண்டைக்கு வராதீர்கள்.

எனக்குத் தெரிந்து துளை பெரிய பிரச்சினையே இல்லை. டயலைசர் என்பது மெஷினில் ரத்தத்தை வடிகட்டும் குழல். அதற்குள் முடி மாதிரி ஆயிரக்கணக்கில் ஃபைபர் இருக்கும். யூரியா என்ற கழிவை வெளியே விட்டு, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்து வைக்க அதற்குத் தெரியும். ரத்தம் அந்த பிளாஸ்டிக்கில் பட்டதும் உறையப் பார்க்கிறதே, வம்பு அங்கேதான். அதனால்தான் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் போடுகிறோம்.

ஆபரேஷன் முடிந்த கையோடு ஒரு அம்மாவை எங்கள் யூனிட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹெப்பாரின் கூடாது என்று ஆர்டர். அரை மணிக்கு ஒரு தடவை சலைன் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் மெஷினில் பிரஷர் ஏறியது. சலைன் ஓடும்போது மற்ற ஃபைபரெல்லாம் வெளுக்க, நடுவில் ரத்தம் உறைந்து கொத்துக் கொத்தாகக் கருஞ்சிவப்புக் கோடுகள். டயலைசரை மாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற மகன், “தம்பி, மெஷின் பழசா?” என்றார். மெஷின் புத்தம் புதுசு!

சிறுநீரகத்தில் நாள் முழுக்க 180 லிட்டர் வடிகிறது, அடைப்பதில்லை. அங்கே ரத்தக்குழாயின் உட்பக்கம் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த வழவழப்பான பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் உள்ள ஹெப்பாரன் சல்ஃபேட், நாம் ஊசியில் ஏற்றும் ஹெப்பாரினுக்குப் பங்காளி. இதே மாதிரி ஹெப்பாரினைச் சவ்விலேயே ஒட்டவைத்த டயலைசரும் வந்தது. ஆனால் உடம்பு பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டியது ஒட்டியதுதான், அதன்மேல் ரத்தப் புரதம் படிந்துவிடுகிறது. துளையின் வடிவத்தையும் சிறுநீரகம் மாதிரி ஆக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் செயற்கைச் சிறுநீரகம் செய்ய முயலும் ஷுவோ ராய், வில்லியம் ஃபிசெல் குழுவினர் சிலிக்கான் சவ்வில் வட்டத் துளைக்குப் பதில் நீளப் பிளவுகளை வைத்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் பிளவுதான் இருக்கிறது. புரதத்தை இழக்காமல் அதிகம் வடிக்கலாம் என்பது கணக்கு.

இதெல்லாம் கைகூடினாலும் பாதி வேலைதான். இண்டாக்சில் சல்ஃபேட் போன்ற கழிவுகள் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். ஜல்லடையால் அதில் கொஞ்சத்தைத்தான் பிரிக்க முடியும். சிறுநீரகக் குழாயின் செல்கள்தான் அதை நன்றாகப் பிடித்து வெளியே தள்ளும். அதற்கு உயிருள்ள செல் வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். “கிட்னிக்கு நல்லது” என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் வாங்கிக் கொடுக்கிறவர்களை என்ன செய்வது? அத்தனையும் பொட்டாசியம். இதயமே நின்றுவிடலாம். வார்டு வாசலிலேயே வெட்டி விற்கிறார்கள்.