ஃபென்ஸ் வயல்களில் டிராக்டருக்கு ஏன் டயருக்குப் பதில் பட்டை?

கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் பகுதியில் பல டிராக்டர்கள் டயருக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டையில் ஓடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்தான் காரணம். அது ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மாய்டன் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். மக்கிய தாவரங்களால் ஆன கரிய மண், கையில் எடுத்தால் காப்பித்தூள் போல உதிரும். உருளைக்கிழங்கு, செலரி, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு எல்லாம் செழித்து விளையும். ஆனால் ஈரமாக இருக்கும்போது கனமான டயர் அதில் புதையும், மண்ணையும் இறுக்கிவிடும். பட்டை எடையைப் பரப்பிவிடுகிறது.

அப்புறம் இன்னொரு தொல்லை: கலப்பை திடீரென்று 'டங்' என்று நிற்கும். உள்ளே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கறுத்துப்போன ஓக் மரம்! அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பிறகு பொக்லைன் வைத்துத் தோண்டி எடுப்பார்கள். இத்தனை காலம் ஆகியும் மரம் தட்டுப்படக் காரணம், நீர் வடிந்த மண் சுருங்கி, காற்றுப் பட்டுச் சிதைந்து, தரையே இறங்கிக்கொண்டிருப்பதுதான். இப்பகுதியில் உள்ள ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தரைமட்டம் வரை புதைத்த கம்பம், இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது.