நல்ல அணு மணிக்கூடு ஒன்றை வைத்தால் முடுக்கியில் இலத்திரன் கற்றை நேரம் பிசகாமல் வந்துவிடாதா?

வராது. உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் தம்பியோ தங்கையோ கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மணிக்கூடு கிடைத்துவிடும், அதன் துடிப்பைக் கெடாமல் மற்ற முனைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு.

கொழும்பில் நான் படித்த ஆய்வுகூடத்தில் ஒரே மைக்ரோவேவ் சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கட்டைக் கேபிளிலும் மற்றதை மேசைக்குக் கீழே சுருட்டி வைத்த நீளக் கேபிளிலும் அனுப்பி, அவத்தை வித்தியாசத்தை, அதாவது ஒரு அலை மற்றதைவிட எவ்வளவு முந்திப் பிந்தி வருகிறது என்பதை, மீற்றரில் பார்த்தோம். காலையில் பூச்சியத்தில் நின்ற முள், கரண்ட் போய் ஏசி நின்று, ஜெனரேட்டரில் சமிக்ஞைக் கருவியும் மீற்றரும் மட்டும் ஓடியபோது மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஏறியது. யாரும் எதையும் தொடவில்லை. பிறகு சுருளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன், இன்னும் நகர்ந்தது. சூட்டால் நீளக் கேபிளில் சமிக்ஞை போகும் நேரமே மாறியிருந்தது.

இப்போது ஜேர்மனியில் ஹம்பர்க் பக்கம் 2017 முதல் இயங்கும் ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல்லை யோசியுங்கள்; இலத்திரன்களை முடுக்கி எக்ஸ்-கதிர் லேசர் உண்டாக்கும் இயந்திரம் அது, நேரம் பெம்டோ செக்கன் கணக்கில் பிசகாமல் இருக்கவேண்டும். நீளம் 3.4 கிலோமீற்றர். ஒரு பெம்டோ செக்கனில் ஒளியே 0.3 மைக்ரோமீற்றர்தான் போகும், மணிக்கூட்டின் துடிப்பை லேசர் துடிப்பாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழையான பைபரிலோ கிலோமீற்றருக்கு 1 பாகை சூடு மாறினாலே பத்துக்கணக்கான பிக்கோ செக்கன் பிசகும் (ஒரு பிக்கோ செக்கன் ஆயிரம் பெம்டோ செக்கன்). அதனால் லேசர் துடிப்பில் ஒரு பங்கை மறுமுனையிலிருந்து திருப்பி வாங்கி, புறப்படும் துடிப்போடு ஒப்பிட்டு, பைபரின் நீளத்தையே விடாமல் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடும் முடியாது. இலத்திரன் திரளைச் சுருக்கக் காந்தங்களால் வளைத்து விடும்போது சக்தி கூடியது கிட்டப் பாதையால் போகும், குறைந்தது சுற்றிப் போகும். ஆகவே அதற்கு முன்னால் உள்ள ஆர்முடுக்கும் குழிகளில், அதாவது மின்காந்த அலையால் இலத்திரன்களைத் தள்ளும் உலோக அறைகளில், அலையின் வீச்சம் இம்மி பிசகினாலும் சக்தி மாறி அது நேரப் பிழையாகிவிடும். திரள் கடக்கும்போது அதன் மின்புலத்தால் ஒரு லேசர் துடிப்பின் பிரகாசம் மாறும்படி வைத்து, எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று அளந்து, அந்தக் குழிகளைத் திருத்துகிறார்கள். செக்கனுக்கு 10 தொடராகத் திரள்கள் வருவதால், முன்னால் போனவை காட்டிய பிழையை அதே தொடரில் பின்னால் வருபவற்றுக்கே சரிசெய்யலாம்.

"மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வைத்திருப்பதும் இலத்திரன் முடுக்கிதானே, அங்கே இந்தக் கூத்தெல்லாம் இல்லையே" என்று யாராவது வருவீர்கள். அங்கே இவ்வளவு துல்லியம் தேவையில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் பௌதிகவியல் டியூஷனுக்குக் குறைவில்லை, கடந்தகால வினாத்தாள் கட்டுக்கட்டாகச் செய்விக்கிறார்கள், ஆனால் மின் சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் அலைவுகாட்டியின் குமிழை ஒருதரம்கூடத் திருப்பாமல் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் கம்பஸுக்கு வருகிறார்கள் தெரியுமா? என் பள்ளிக்கூடத்திலும் அது அலுமாரிக்குள் பூட்டித்தான் கிடந்தது. எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்.